குழந்தை அறைக்கு ஒரு பல்பு

"மஞ்சள் வேண்டாம். வெள்ளையே குடுப்பா" என்றாள் மாமியார்.

கடைக்காரர் இரண்டு பல்புகளையும் பலகையில் மாட்டி எரியவிட்டிருந்தார். மருமகளுக்கு ஒன்பதாம் மாதம். ஒரு கையை இடுப்பிலும் இன்னொரு கையை மேசையிலும் ஊன்றி நின்றாள்.

"அத்தை, ஹாலுக்கு வெள்ளை, சமையலறைக்கு வெள்ளை, பாத்ரூமுக்கும் வெள்ளை. எல்லாம் நீங்க சொன்னபடிதான். குழந்தை ரூமுக்காவது நான் சொல்றதை வாங்கலாமே?"

"மஞ்சள் பல்பு கரண்ட்டை இழுக்கும்மா."

"ரெண்டும் ஒன்பது வாட்தான்மா" என்றார் கடைக்காரர், யாரும் கேட்காமலே.

மாமியார் அவரை முறைத்தாள்.

"அப்புறம்... மஞ்சள் வெளிச்சத்துல கொசு தெரியாது."

"அதான் கொசுவலை வாங்கியாச்சே அத்தை."

"துணியில அழுக்கு தெரியாது."

"பச்சைக் குழந்தைக்கு அழுக்குத் துணியா போட்டு வைக்கப் போறேன்?"

கடைக்காரர் சிரிப்பை மறைக்க, எதையோ தேடுவதுபோல் மேசைக்கு அடியில் குனிந்துகொண்டார்.

மருமகள் பார்த்துப் பார்த்துச் செய்த அறை அது. இளம்பச்சைச் சுவர், பூப்போட்ட திரை, தொட்டில். அங்கே போய் வெள்ளை பல்பை மாட்டினால் ஆபரேஷன் தியேட்டர் மாதிரி இருக்கும். இந்த வீட்டில் ஒரு பல்பைக்கூட நான் தேர்ந்தெடுக்கக் கூடாதா என்று அவளுக்குப் பொருமலாக இருந்தது.

கணவனைப் பார்த்தாள். அவன் மேலே தொங்கிய மின்விசிறிகளை வெகு அக்கறையாக ஆராய்ந்துகொண்டிருந்தான்.

"ஏங்க, ஃபேன் அப்புறம் பார்க்கலாம். வாயைத் திறங்க."

"அம்மா, அவ ஆசைப்படுறா. விட்டுடேன்."

மாமியார் ஏதோ சொல்ல வந்தாள். மருமகளின் வயிற்றைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"சரி, உங்க இஷ்டம்."

மஞ்சள் பல்பு வீட்டுக்கு வந்தது. அடுத்த சில நாட்களில் பெண் குழந்தையும் பிறந்தது.

வீட்டுக்குக் கிளம்பும் நாள். மருத்துவமனை அறையில் கணவன் பைகளைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"ரூம் எல்லாம் ரெடி. அம்மாவே கூட்டித் துடைச்சு, திரையெல்லாம் துவைச்சுப் போட்டு, லைட்டை மாத்தி..."

நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"எந்த லைட்டை?"

அவன் பைக்குள் தலையைவிட்டு எதையோ தேடினான்.

"வெள்ளையா மாத்தியாச்சா?"

"ம்..."

மருமகளுக்குச் சுர்ரென்று ஏறியது. மாமியார் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் கிடந்த குழந்தையின் பாதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் இங்க தையலோட எழுந்து நடக்க முடியாம கிடக்கேன். அந்தச் சாக்குல அங்க பல்பை மாத்துறீங்க. அப்படி என்ன அத்தை வீம்பு? அன்னிக்குச் சரின்னு சொன்னது யாருக்கு, கடைக்காரருக்கா?"

"மெதுவாப் பேசும்மா. குழந்தை தூங்குது."

மருமகள் அடுத்த வார்த்தையை எடுப்பதற்குள் டாக்டர் வந்துவிட்டார். குழந்தையின் நெற்றியை லேசாக அழுத்திப் பார்த்தார்.

"நல்லா இருக்கா. கொஞ்ச நாளைக்கு உடம்பும் கண்ணும் மஞ்சளாகுதான்னு பார்த்துக்கிட்டே இருங்க. தெரிஞ்சா உடனே தூக்கிட்டு வந்துடணும். பகல்ல ஜன்னல் பக்கம் வெச்சுப் பாருங்க. ஆமா, குழந்தை இருக்கப் போற ரூம்ல என்ன லைட்?"

கணவன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

"மஞ்சளா இருந்தா மாத்திடுங்க. அந்த வெளிச்சத்துல எல்லாமே மஞ்சளாத்தான் இருக்கும். குழந்தை மஞ்சளாகுறது கண்ணுக்கே தெரியாது. கவனிக்காம விட்டா உயிருக்கே ஆபத்து."

"வெள்ளைதான் டாக்டர்" என்றான் கணவன்.

டாக்டர் வெளியே போனார். மருமகள் தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள்.

"அத்தை, இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா? அப்போ கடையிலேயே சொல்லியிருக்கலாமே. அதை விட்டுட்டுக் கரண்ட்டு, கொசு, அழுக்குன்னு..."

"நிறைமாசமா நிக்கிறவகிட்ட அதை எப்படிம்மா சொல்றது?"

மாமியார் குழந்தையின் பாதங்களைத் துணிக்குள் மூடினாள்.

"உன் புருஷனுக்கு முன்னாடி எனக்கு ஒருத்தி பிறந்தாம்மா. அப்போ எங்க ரூம்ல எரிஞ்சது மஞ்சள் பல்பு."