ஒரு டேங்குக்கு எட்டுத் துண்டு

“இதுக்கு நேத்து வந்த கம்பெனிக்காரன் எவ்வளவோ தேவல. மரத்துக் கொப்பு பூராத்தையும் ஒரே டேங்க் பெட்ரோல்ல அறுத்துட்டுப் போனான்,” என்றார் கணேசபாண்டியன். பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்தபடி, ஆயில் பாட்டிலை மூக்கருகே கொண்டுபோய் முகத்தைச் சுளித்தார்.

கௌசிக்குக்குச் சுருக்கென்றது. மாட்டுங்காவில் பிறந்து, இன்ஜினியரிங் படித்து, டூ ஸ்ட்ரோக் ஆயில் கம்பெனியில் சேல்ஸ் ஆபீசர் என்று அட்டை அடித்து வைத்திருப்பவன். தாராவிச் சந்துக்குள் ஷூவை நனைத்துக்கொண்டு வந்ததே ஊருக்குச் செய்த உபகாரம் என்று அவனுக்கு நினைப்பு.

ஆனால் வராமல் முடியாது. இன்று சாயங்காலத்துக்குள் ஒரு ஆர்டராவது பிடிக்காவிட்டால் நாளையிலிருந்து ஆபீஸ் பக்கமே தலைகாட்ட வேண்டாம் என்று மேனேஜர் வந்தனா காலையில்தான் சொல்லியிருந்தாள்.

கம்பெனி விளம்பரமோ வாய் கிழியப் பேசியிருந்தது. ‘மரம் அறுக்கும் மெஷினுக்கு எங்கள் ஆயில். பாதிப் புகை, இரட்டிப்பு வேலை. நம்பாவிட்டால் உங்கள் இடத்துக்கே வந்து அறுத்துக் காட்டுவோம்!’ காட்டு, பார்க்கலாம் என்று ஃபோன் போட்டுவிட்டார் கணேசபாண்டியன்.

காம்பவுண்டுக்குள் கால் வைத்ததுமே கௌசிக் கணக்குப் போட்டுவிட்டான். சுவரோரம் அடுக்கடுக்காக எண்ணெய் டின்கள். நடுவில், வேரோடு சாய்ந்து, கிளை கழித்துப் படுத்திருக்கும் குல்மோஹர் மரம். அதற்கு அந்தப் பக்கம் தார்ப்பாய் போட்ட டெம்போவும் நாலு ஆட்களும். பெரிய மர கான்ட்ராக்டர்தான், மெஷின் இருபதாவது இருக்கும்!

“இது சாதா ஆயில் இல்லை சார். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு இருபது எம்.எல். போறும். இன்ஜின் சூடாகாது, புகை வராது.”

“எண்ணெயப் பத்தி எனக்குப் பாடம் எடுக்காதீங்க தம்பி. முப்பது வருசமா அதுலதான் பொழப்பு. புகைஞ்சா அது எண்ணெயே இல்ல.”

‘பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காத ஆசாமிக்குப் பேச்சைப் பார்!’ என்று கௌசிக் மனதுக்குள் வைதான். டிரைவர் இசக்கி டீயும் ஒரு தட்டில் முறுக்கும் கொண்டுவந்து நீட்டினான்.

“நோ, நோ! கண்ட இடத்துல நான் சாப்பிடறதில்லை,” என்று இரண்டு விரலால் தட்டைத் தள்ளினான் கௌசிக். இசக்கி ஒரு முறுக்கை ஒடித்துத் தன் வாயில் போட்டுக்கொண்டான்.

கணேசபாண்டியன் எழுந்தார். அடிமரத்தின் மேல் ஒன்றரை அடிக்கு ஒன்றாகச் சாக்பீஸால் எட்டுக் கோடு கிழித்தார். “ஒரே டேங்க்கு. எட்டுத் துண்டு. டெஸ்ட்டுன்னா டெஸ்ட்டு மாதிரி இருக்கணும்.”

கௌசிக் பெட்ரோலில் ஆயிலை அளந்து கலந்து, தான் கொண்டுவந்த மெஷினில் ஊற்றினான். ஹெல்மெட், கண்ணாடி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு கயிற்றை இழுத்தான். மெஷின் ஒருமுறை புகையைக் கக்கிவிட்டு உறுமியது.

“ஐயே! எடுத்ததுமே புகையுதே!”

“ஸ்டார்ட் பண்றச்சே அப்படித்தான் சார் இருக்கும்!” என்று கத்திக்கொண்டே முதல் துண்டை அறுத்துத் தள்ளினான். ஆட்கள் அதை உடனே ஓரமாக உருட்டினார்கள். கணேசபாண்டியன் துண்டுக்கு ஒருமுறை வாட்ச்சைப் பார்த்தார். நேரம் குறிக்கிறாராக்கும் என்று கௌசிக் இன்னும் வேகமாக அறுத்தான்.

நாலாவது துண்டு விழுந்ததும் மெஷினை நிறுத்தினான். சட்டை முழுக்க வேர்வை. “போறுமே சார்? ரிசல்ட்தான் தெரிஞ்சுடுத்தே.”

“நாலுக்கே நாக்குத் தள்ளுதா? பாட்டில்ல மட்டும் புலிப் படம் போட்டிருக்கீங்க! ஏலே இசக்கி, அந்த இன்னொரு கம்பெனிக்காரன் நம்பர எடுல.”

“வேண்டாம்! அவாளைக் கூப்பிடாதேங்கோ!”

மறுபடி கயிற்றை இழுத்தான். ஐந்து, ஆறு, ஏழு. கண்ணாடிக்குள் வேர்வை இறங்கிக் கண் எரிந்தது. அந்த வாய்க்கொழுப்புப் பிடித்த மனுஷனை ஜெயிக்காமல் விடுவதில்லை என்ற வெறியில் எட்டாவது துண்டையும் சாய்த்தான்.

“பாத்தேளா? எட்டு! டேங்க்ல இன்னும் மிச்சம் இருக்கு! புகை வந்ததா? சூடாச்சா? இனிமே எங்க ஆயிலைப் பத்தி ஒரு வார்த்தை பேசப்படாது!”

“பேசவே மாட்டேன் தம்பி. தங்கமான எண்ணெய்,” என்றார் கணேசபாண்டியன். முதல்முறையாக அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

அப்பாடா, வேலை தப்பித்தது! கௌசிக்குக்குப் பழைய மிடுக்கு திரும்பிவிட்டது. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு ஆர்டர் புத்தகத்தை விரித்தான். “சொல்லுங்கோ. மாசம் எத்தனை லிட்டர் எழுதட்டும்? மொத்தம் எத்தனை மெஷின் ஓடறது உங்களுக்கு?”

அதற்குள் இசக்கி டெம்போவைக் கிளப்பிவிட்டான். மூன்று நாளாக உள்ளேயே அடைபட்டுக் கிடந்த வண்டி, மரம் கிடந்த இடத்தின் மேலேயே ஏறி கேட்டுக்கு வந்து நின்றது. கணேசபாண்டியன் முன்சீட்டில் தொற்றி ஏறினார். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, விரித்த ஆர்டர் புத்தகத்தின் மேல் ஒரு பாக்கெட்டை வைத்தார்.

“மெஷினா? நமக்கு முறுக்கு யாவாரம்லா தம்பி!”