முற்றத்தில் ஒரு சொட்டு

"ஒரு சொட்டு கீழ விழுந்தாலும் நீ வேற வீடு பாத்துக்க வேண்டியதுதான், கேட்டியா பிள்ளே?"

வீட்டுக்காரி பொன்னம்மை சொன்னால் சொன்னதுதான். கரமனையில் அந்தத் தெருவுக்கே அது தெரியும். சுஜா தலையை ஆட்டினாள். புதிதாக இன்டர்லாக் கல் பதித்த முற்றத்தில் தன் மினி லாரிக்கு எஞ்சின் ஆயில் மாற்ற அனுமதி கிடைத்ததே அதிசயம்.

அவளுக்கு வேறு வழியும் இல்லை. ஒர்க்‌ஷாப்பில் வண்டியை இரண்டு நாள் விட்டுவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். சுஜாவோ தினமும் விடியும்போதே கழக்கூட்டத்து ஹாஸ்டல்களுக்குக் காய்கறி கொண்டு போகிறவள். ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு. திங்கட்கிழமை அவள் போகாவிட்டால் செவ்வாய்க்கிழமை அங்கே வேறு யாருடைய வண்டியாவது நிற்கும்.

வண்டி நிறுத்த இடத்தோடு வாடகை வீடு கிடைப்பதும் லேசுப்பட்ட காரியமா? நான்கு வீடு மாறித்தான் இங்கே வந்து சேர்ந்திருந்தாள். கல்லாற்றில் கட்டட வேலைக்குப் போயிருந்த கணவன் லிங்கம், "வம்பை விலைக்கு வாங்காத சுஜா" என்று போனில் இரண்டு முறை சொல்லிவிட்டான்.

இடம் இருந்தது என்றாலும் தாராளமாக இல்லை. பொன்னம்மையின் கணவர் திரவியம் ஓட்டிய மினி லாரி, அவர் இறந்தபின் ஷெட்டுக்குள் பூட்டிக் கிடந்தது. அதைப் பொன்னம்மை விற்கப் போகிறாள் என்று தெருவில் பேச்சு. ஷெட் வாசலுக்கு எதிரில், நட்டநடு முற்றத்தில், மூன்று பெரிய குரோட்டன்ஸ் தொட்டிகள். அவற்றைச் சுற்றி வளைத்துத்தான் சுஜா தினமும் ரிவர்ஸ் எடுக்க வேண்டும். கொஞ்சம் ஓரமாக நகர்த்தட்டுமா என்று ஒருமுறை கேட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

பொன்னம்மை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை லாரிக்கு எதிரிலேயே போட்டு உட்கார்ந்தாள். இடுப்பில் வெள்ளை முண்டு, தோளில் மேலாடையாக வெள்ளை நேரியது. மடியில் ஒரு நோட்டு, கையில் பேனா. குற்றங்குறை எழுதத்தான் என்று சுஜா நினைத்துக்கொண்டாள்.

பழைய அட்டைப்பெட்டிகளைப் பிரித்து வண்டிக்கு அடியில் விரித்தாள். மேலே செய்தித்தாள். எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தினாள்.

ஏன் என்று கேட்டாள் பொன்னம்மை. சூடானால் எண்ணெய் இளகி முழுதும் வடியும் என்றாள் சுஜா. பேனா ஓடியது.

அடியில் படுத்து, எஞ்சின் அடியில் எண்ணெயை அடைத்திருக்கும் போல்ட்டை ஸ்பானரால் தளர்த்தினாள். பிறகு விரலால் உள்ளே அழுத்திப் பிடித்தபடியே திருகி, கடைசிப் புரியில் வெடுக்கென்று கையை இழுத்தாள். கறுப்பு எண்ணெய் ஒரு சாண் தள்ளிப் பாய்ந்தது. அது அப்படித்தான் பாயும் என்று தெரிந்து, எண்ணெய் பிடிக்கும் பிளாஸ்டிக் பேசினையும் ஒரு சாண் தள்ளியே வைத்திருந்தாள். வேகம் குறையக் குறைய பேசினை உள்ளே நகர்த்தினாள்.

"அந்த போல்ட்டத் திரும்பப் போட்டியா?"

"இன்னும் வடியுதும்மா."

வடிந்து முடிந்ததும் புது வாஷரோடு போல்ட்டை முடுக்கினாள். அடுத்தது ஆயில் பில்டர். அதை ஒரு பாலித்தீன் பைக்குள் முழுதாக நுழைத்து, பையோடு சேர்த்தே திருகிக் கழற்றினாள். அப்படியும் ஒரு கறுப்புக் கோடு மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு இறங்கியது. முழங்கையைப் பேசினுக்கு மேல் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் படுத்திருந்தாள். சொட்டு பேசினுக்குள் விழுந்தது.

பையை எதற்கு மாட்டினாய், புது பில்டரின் ரப்பரில் எதற்கு எண்ணெய் தடவுகிறாய் என்று பொன்னம்மை கேட்டுக்கொண்டே இருந்தாள். நடுவில் போல்ட்டைப் பற்றி இன்னொரு முறையும் விசாரித்தாள். இவள் என்ன, ஆர்டிஓவா என்று சுஜாவுக்கு எரிச்சலாக வந்தது.

புது ஆயில் டின்னைத் தூக்கிப் புனலில் சாய்க்கப் போனபோது பொன்னம்மை நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள்.

"நில்லு. போல்ட்டு?"

"போட்டாச்சும்மா. வேணும்னா நீங்களே குனிஞ்சு பாருங்க."

பொன்னம்மை கோபப்படவில்லை. உண்மையாகவே குனிந்து பார்த்துவிட்டு, "ஊத்து" என்றாள்.

அளவு பார்த்து, எஞ்சினை ஓடவிட்டு, எங்கும் கசியவில்லை என்று உறுதியானதும் சுஜா பழைய எண்ணெயைக் காலி டின்களில் ஊற்றி மூடினாள். ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்கள். வண்டியை முன்னால் எடுத்து, அட்டைகளைச் சுருட்டினாள்.

பொன்னம்மை முற்றத்தில் உட்கார்ந்து, நேரியதின் வெள்ளைத் தலைப்பாலேயே கல்லை இங்கும் அங்கும் துடைத்தாள். தலைப்பைத் தூக்கி வெயிலில் திருப்பிப் பார்த்தாள். தூசிதான் இருந்தது.

"வண்டி இங்கேயே நிக்கட்டும்" என்றாள்.

சுஜாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இன்னொரு வீடு தேட வேண்டாம்.

"ஒரு கை பிடி" என்று பொன்னம்மை குரோட்டன்ஸ் தொட்டிகளிடம் போனாள். யாரும் தொடக்கூடாத தொட்டிகள். இருவரும் தம் பிடித்து முதல் தொட்டியை நகர்த்தினார்கள். அடியில், புதுக் கல்லில், ஒரு முறம் அளவுக்கு எண்ணெய்க் கறை. மற்ற இரண்டு தொட்டிகளுக்கு அடியிலும் அது போய்க்கொண்டிருந்தது.

"வண்டி ஓட்ட எனக்கு லைசென்ஸ் போன மாசமே கிடைச்சு" என்றாள் பொன்னம்மை, ஷெட்டைப் பார்த்தபடி. "நீ குடி வாறதுக்கு முந்தி, அவரு வண்டிய வெளிய எடுத்து நானே ஆயில் மாத்தினேன். பழச நல்லாத்தான் எடுத்தேன். புதுச பூராவும் ஊத்தினேன். அந்த போல்ட்ட மட்டும் போடல்ல. இன்னொரு கறை விழுந்தா மூடுததுக்கு எங்கிட்ட தொட்டி இல்ல பிள்ளே."

சுஜா செய்ததையெல்லாம் வரிசையாக எழுதியிருந்த நோட்டை அவள் எண்ணெய்க் கையில் கொடுத்தாள். "அடுத்த ஞாயிறு நாற்காலியில நீ இரி. அவரு வண்டிக்கு அடியில நான் படுக்கேன்."