பைண்டு செய்த தொடர்கதைகள்

1972 பிறந்ததும், வழக்கம்போல மாதம் ஒரு தொடர்கதை படித்து முடிப்பதாகச் சபதம் எடுத்தேன். புத்தக அலமாரியை ஒழுங்குபடுத்த அதன் கீழ்த்தட்டிலேயே கால் வைத்து ஏறினேன். தட்டும் நானும் சேர்ந்து இறங்கினோம். வாரப் பத்திரிகைகளிலிருந்து கிழித்துச் சேர்த்து, சேக்காடு கடைத்தெரு பைண்டரிடம் கொடுத்து, ஆறு வருடமாக அடுக்கிய கதைகள் என் தலைமேல் விழுந்தன.

பொறுக்கும்போதுதான் பார்த்தேன். எந்தக் கதைக்கும் கடைசி அத்தியாயம் இல்லை!

இரவல் வாங்குகிற ஒரே ஆள் பக்கத்து குவார்ட்டர்ஸ் மனோகரன். விழுந்த காலை நொண்டிக்கொண்டே போய் அவன் சட்டையைப் பிடித்தேன்.

"கூடவே இருந்து கழுத்தறுத்துட்டியேடா!"

"இன்னா அண்ணாத்தே, என் கைக்கு வர்றப்பவே முடிவு இருக்காது. அண்ணிதான் வாயால சொல்லும்."

அண்ணியா? கட்டிய மனைவியே துரோகியா? அதே நொண்டலோடு வீடு திரும்பினேன். வசந்தகுமாரி அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"நீயா எடுத்த?"

"ஆமா."

"எதுக்குடி?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"ஷிப்டு முடிஞ்சி வர்றீங்க, துன்றீங்க, தூங்கறீங்க. முடிவு இன்னான்னு என்னாண்ட கேப்பீங்க, பக்கத்துல குந்திகினு கொஞ்ச நேரம் பேசலாம்னுதான் எடுத்து வச்சேன். ஆறு வருசமா காத்துகினு கீறேன். மனோகரன்கூட வந்து கேக்கறாரு. நீங்க ஒரு கதையிலயும் அதுவரைக்கும் வர்லியே!"