சேர்மக்கனி அடிக்கவில்லை

மூன்றாவது அடியும் மேலே படவில்லை.

கன்னத்தில் உட்கார்ந்த கொசுவைக்கூட இதைவிட ஓங்கி அடிப்பார்கள். அவன் தள்ளாடுவதுபோல் நடித்தான். நடிக்கவே வெட்கமாக இருந்தது.

எதிரே சேர்மக்கனி. நூற்றுப்பத்து கிலோ. புலிவரி போட்ட கால்சட்டை. சுவரொட்டியில் ‘தூத்துக்குடிச் சூறாவளி’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். சூறாவளி இன்று மின்விசிறி அளவுக்குக்கூட வீசவில்லை.

பதினான்கு மாதம் கழித்து அவன் மல்யுத்த ரிங்கில் ஏறியிருக்கிறான். கழுத்துக்குள் ஒரு தகடு, ஆறு ஸ்க்ரூ. அன்று அவனைத் தலைக்குமேல் தூக்கிப் போட்டவனும் இதே சேர்மக்கனிதான். விழுந்தது கோணலாகிவிட்டது. யார்மேலும் தப்பில்லை என்று இருவரும் ஆஸ்பத்திரியிலேயே பேசி முடித்துக்கொண்டார்கள்.

முடிந்த கதை. மற்றவர்களுக்குத்தான் அது முடிந்தபாடில்லை.

நடுவர் நிமிடத்துக்கு ஒருமுறை குனிந்து கண்ணைப் பார்க்கிறார். மூலைக் கம்பங்களுக்குப் புதிதாகப் பஞ்சு மெத்தை கட்டியிருக்கிறார்கள். மூன்றாவது வரிசையில் மனைவி. ரயிலுக்குச் சோறு கட்டிக்கொண்டு வந்தவள்போல, கழுத்துப்பட்டையைக் கூடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஆடலாம் என்று டாக்டர் எழுதியே கொடுத்துவிட்டார். அந்தத் தாளை நெற்றியில் ஒட்டிக்கொண்டு வந்தால்தான் நம்புவார்கள்போல.

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போட்டி நடத்தும் முதலாளி பட்டென்று சொல்லிவிட்டார். இன்று தலைக்குமேல் தூக்கிப் போடும் அதே வீச்சை வாங்கி எழுந்து காட்ட வேண்டும். காட்டினால் பழைய இடம். இல்லையென்றால் நாளையிலிருந்து கோட்டு மாட்டிக்கொண்டு, மைக் முன்னால் உட்கார்ந்து, மற்றவன் விழுவதை வர்ணிக்க வேண்டியதுதான்.

கூட்டம் மோப்பம் பிடித்துவிட்டது. யார் ஜெயிப்பது என்று முன்பே பேசி வைத்திருப்பார்கள் என்பது அவர்களுக்கும் தெரியும். அதற்காக அடியே விழாத சண்டைக்கு யாரும் டிக்கெட் எடுப்பதில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு விசில் வந்தது. கேலி விசில்.

அவன் ஓடிப்போய்ச் சேர்மக்கனியின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். பார்க்கிறவர்களுக்கு அது பிடி. அவர்கள் இருவருக்கும் பேச ஒரு மறைவு.

“தூக்குலே. நான் என்ன கண்ணாடிப் பாத்திரமா? நீ பயந்து சாகுறதுக்கு நான்தான் கெடச்சேனா?”

சேர்மக்கனியின் மூச்சு காதில் சுட்டது.

பிறகு இடுப்பில் கை விழுந்தது. இறுக்கமான, பழைய கை.

அப்பாடா என்றிருந்தது.

இந்த வீச்சில் வெளியே தெரியாத ஒரு சங்கதி உண்டு. எப்பேர்ப்பட்ட பயில்வானாலும் வளர்ந்த ஒரு ஆளைத் தன் பலத்தால் மட்டும் தலைக்குமேல் கொண்டுபோக முடியாது. தூக்கப்படுகிறவன் எம்பிக் குதிக்க வேண்டும். பாதி உயரம் அவன் காலால் வருவது. மீதிதான் மற்றவன் கை. முதுகில் இரண்டு தட்டு விழும். இரண்டாவதில் குதிக்க வேண்டும். ஒன்பது வருடமாக அவன் அப்படித்தான் குதித்து வந்திருக்கிறான்.

ஒரு தட்டு.

இரண்டு.

சேர்மக்கனி இழுத்தான். இடுப்புவார் மேலேறியது. தோள் மேலேறியது.

அவன் கால் நின்ற இடத்திலேயே நின்றது.

மறுபடியும் இரண்டு தட்டு.

குதி என்று முழங்காலுக்குச் சொன்னான். பாதத்துக்குச் சொன்னான். கெட்ட வார்த்தையில்கூடச் சொல்லிப் பார்த்தான். பூட்ஸுக்குள் பத்து விரலும் தரையைக் கவ்விக்கொண்டிருந்தன.

சேர்மக்கனி ஒரு நொடிதான் யோசித்திருப்பான். திடீரென்று ‘ஐயோ’ என்று அலறினான். கழுத்தைக் கட்டியிருந்தவன் ஏதோ செய்துவிட்டதுபோலத் தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, தடாலென்று மல்லாக்க விழுந்தான். ரிங்கே அதிர்ந்தது.

கூட்டம் எழுந்து கத்தியது.

அவன் சேர்மக்கனிமேல் விழுந்து அமுக்கினான். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. நடுவர் தரையில் தட்டி, வெற்றிக்கான மூன்றை எண்ணத் தொடங்கினார். மனைவி கூடையைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் முதலாளியும் தட்டினார்.

“விடுலே. ஒருத்தனும் கண்டுபிடிக்கல,” என்றான் சேர்மக்கனி, கண்ணைத் திறக்காமலே.

இதற்கு அவனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும்.

வரும் என்று காத்திருந்தான். நடுவர் மூன்று எண்ணி முடித்துவிட்டார்.