மஞ்சாடி விதை

காலை வெயில் இலை இடுக்கு வழியாகப் பொட்டுப் பொட்டாகத் தரையில் விழுகிறது. தையல்காரர், தானே உண்டாக்கிய மரத்தோட்டத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டு வருகிறார். கூட வரும் நர்சரிக்கார அண்ணன் மஞ்சாடி மரத்தடியில் நின்றுவிடுகிறார். பட்டையை உள்ளங்கையால் தடவுகிறார். "என்கிட்டயும் இதுல ஒரே ஒரு கன்னு இருந்துச்சுப்பா. எங்கெங்கயோ அலைஞ்சு வாங்கிட்டு வந்தது. ஒரு நாள் பார்த்தா தொட்டியோட காணோம்." தையல்காரருக்குக் காது மடல் சுடுகிறது. இருபது வருஷத்துக்கு முன்னால், அண்ணன் சாப்பிடப் போன நேரத்தில், அதைத் துணிப்பைக்குள் மறைத்து எடுத்து வந்தவர் அவர்தான். பார்வையைத் தாழ்த்தினால் அங்கேயும் செக்கச்செவேலென்று விதைகள் இறைந்து கிடக்கின்றன. அண்ணன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிகிறார். கை விதைக்கு அருகில் போய்த் தயங்கி நிற்கிறது. "ரெண்டே ரெண்டு எடுத்துக்கட்டுமா?" என்று அண்ணாந்து பார்த்துக் கேட்கிறார். "அண்ணே, இது... இது உங்க மரந்தாண்ணே." எப்படியோ சொல்லிவிடுகிறார் தையல்காரர். அண்ணன் வாய்விட்டுச் சிரிக்கிறார். "பெரிய மனசுப்பா உனக்கு!" என்றபடி இரண்டே இரண்டு விதைகளைப் பொறுக்கி, ஊதித் துடைத்து, சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். அதையே இன்னொரு தடவை சொல்லத் தையல்காரருக்கு வாய் வரவில்லை.