பதில் வராத வலைப்பூ

அந்த வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே தனியறை குளியலறைதான். வீட்டோடு மாப்பிள்ளையாகப் படும் பாட்டையெல்லாம் அங்கே உட்கார்ந்துதான் புனைபெயரில் வலைப்பூவில் எழுதுவேன். ஒரே முதலாளியின் கையில் சிக்காத சமூக வலைத்தளங்களுக்கு அதைக் கொண்டுபோக ப்ளகின் என்கிற ஒரு துணைநிரலைப் போட்டிருந்தேன். பதிவுகள் போயின. அங்கே படிப்பவர்கள் போடும் பதில்தான் ஒன்றுகூட என் வலைப்பூவுக்குத் திரும்பி வரவில்லை.

ப்ளகின்காரர்களின் இணைய உதவிக் குழுவில் வலைப்பூ முகவரியைக் கொடுத்துக் கேட்டேன். முகம் தெரியாத ஒருவர் அரட்டையில் வந்தார்.

"உங்க செக்யூரிட்டி செட்டிங்தான் வெளியிலேர்ந்து வர்ற எல்லாத்தையும் தடுக்குது. இந்த ப்ளகினுக்கு மட்டும் விலக்கு குடுங்க."

"குடுத்துட்டேன் சார். எனக்காக உங்களுக்கு எதுக்கு இவ்வளவு சிரமம்?"

"உங்க பதிவை ஒண்ணு விடாம படிக்கிறேன் தம்பி. நானும் வீட்டோட மாப்பிள்ளைதான், கல்யாணமான நாள்லேர்ந்து. இருங்க, ஒரு பதில் போட்டுப் பாக்குறேன்."

மாமியார் கதவைத் தட்டினார்.

"மாப்ளே, உள்ளேயே குடியிருக்கப் போறீங்களா? சிலிண்டர் வந்திருக்கு, தூக்கி வைக்கணும். உங்க மாமாவையும் காணோம்."

"வந்துட்டேன் அத்தை."

மாமாவைக் கூப்பிட்டுக்கொண்டே அவர் மாடிப்படிப் பக்கம் போனார்.

செல்போன் அதிர்ந்தது. என் பதிவுக்குக் கீழே முதல் பதில் வந்திருந்தது.

"வேலை செய்யுதா தம்பி? அப்புறம் பேசலாம். சிலிண்டர் வந்திருக்காம், வீட்டம்மா கீழேயிருந்து கத்துறாங்க."

மொட்டைமாடிப் படியில் மாமாவின் செருப்புச் சத்தம் இறங்கி வந்துகொண்டிருந்தது.