நம்பர் வேறு

ஒரு ஷெட்டின் மூலையில் பழைய பந்தயக் காரின் இன்ஜின் ஒன்று கிடந்தது. அதன் பக்கவாட்டில் மாட்டியிருந்த இரண்டு கார்புரேட்டர்களும் தங்களை அண்ணன், தம்பி என்றே நினைத்திருந்தன. முப்பது வருஷம் ஒரே மூச்சாகப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுத்தவை அவை.

ஒரு நாள், பழைய வண்டிகளைத் தேடி வாங்கும் பெஞ்சமின் வந்தார். ஸ்பானர் போட்டு இன்ஜினைத் திருப்பினார். இறுகிப்போகாமல் சுற்றியது.

"அப்பாடா, பிழைச்சோம்!" என்றது தம்பி.

அடுத்து, எல்லாம் ஒரே வண்டியின் பாகங்கள்தானா என்று, அவற்றில் பொறித்திருந்த நம்பர்களை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துப் பார்த்தார். இன்ஜின் சரி. அண்ணனும் சரி. தம்பியைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

"இது வேற வண்டியோடது. யாரோ பின்னாடி மாட்டியிருக்காங்க," என்று போல்ட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தார்.

 வேறு வண்டியில் இருந்த நினைவே தம்பிக்கு இல்லை.

"மாமா, மலையேத்தத்துல நீங்க திணறினப்போ நானும்தானே மூச்சு கொடுத்தேன்? அந்தப் போல்ட்டை இறுக்கிப் பிடிச்சுக்கோங்களேன்," என்று இன்ஜினிடம் கெஞ்சியது.

"முரண்டு பிடிச்சா என்னையும் வேண்டாம்னுடுவாரேப்பா," என்றது இன்ஜின்.

தம்பி பக்கத்தில் பார்த்தது. "அண்ணே, நீயாவது சொல்லேன்."

அண்ணன் துடைத்துப் பளிச்சென்றிருந்த தன் நம்பரைப் பார்த்துக்கொண்டது. பிறகு, "நம்பர் வேறதானே," என்றது.

கடைசி போல்ட் துருவேறி இறுகியிருந்தது. பெஞ்சமின் வியர்த்துப்போய்ப் போராடினார். தம்பி தானாகவே பிடியை விட்டது.